காய்ச்சல் வருஷத்துக் கடைவாய்ப்பல்

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கெலிஓயாவில் எங்கள் வீட்டின் பின்புறம் இறங்கினால் மகாவலி. எப்போதும் பழுப்பு நிறத்தில் கரையை உரசிக்கொண்டு போகும் ஆறு, பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாக உடைந்து கிடந்தது. அந்தக் குட்டைகளில்தான் காய்ச்சலைக் கடித்துப் பரப்பும் நுளம்பு பெருகியது என்று பிறகு சொன்னார்கள். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் படுத்திருந்தார் என்பது மட்டுந்தான். மய்யித்தை, இறந்தவர் உடலை, தூக்கிப் போகும் சந்தூக்குப் பெட்டி பள்ளிவாசலுக்குத் திரும்பி வந்தால் கழுவிக் காயவைக்க நேரமிருக்காது. ஈரத்தோடே அடுத்த வீட்டுக்குப் போகும்.

நான் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. கணவருக்கு கம்பளை வீதியில் ஒரு பலசரக்குக் கடை. வீட்டில் அவருடைய உம்மா, அதாவது என் மாமி, மாமியின் கடைசி மகள், நாங்கள் இருவர். மாமியின் கடைசி மகளுக்கு என் வயதுதான். நான் அவளை மச்சி என்பேன், அவளும் என்னை மச்சி என்பாள். யாராவது தூரத்திலிருந்து மச்சி என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம். கணவரின் மூத்த சகோதரி, எங்கள் ராத்தா, கண்டியில், துணிக்கடைகள் இருக்கும் ஒரு தெருவில் மாடி வீட்டில் இருந்தார். எங்கள் குடும்பம் அவ்வளவுதான்.

வீட்டில் முதலில் படுத்தது மச்சி. ஒருநாள் விட்டு ஒருநாள் நண்பகல் தாண்டியதும் அவளுக்கு நடுக்கம் வரும். கட்டிலே ஆடும். வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் போட்டு அதன்மேல் நான் ஏறிப் படுத்துக்கொள்வேன், அப்படியும் அவளுடைய பல் கிடுகிடுக்கும் சத்தம் கேட்கும். பிறகு உடம்பு கொதிக்கும். பிறகு வியர்த்து, பாயெல்லாம் நனைந்து, ஓய்ந்து போவாள். மறுநாள் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்பாள். அந்த நல்ல நாளைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கும். காய்ச்சல் எங்கேயோ ஒளிந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது போல் தோன்றும்.

எனக்குப் பல் வலி தொடங்கியது அந்த நாட்களில்தான். இடப்பக்கம், கீழ்வரிசையின் கடைசியில், பல்லைச் சுற்றிய முரசுச் சதை தடித்து ஒரு மூலையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நாக்கால் தடவினால் நெல்லுமணியின் நுனி போலிருந்தது. இத்தனை வயதில் புதுப் பல்லா என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் ஒருத்தி சாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது பல் வலி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மாமியே கண்டுபிடித்துவிட்டார். நான் ஒரு பக்கமாக மெல்லுவதைப் பார்த்து, கராம்பை நசுக்கிப் பஞ்சில் வைத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம் மரத்தது. பிறகு வலி காதுக்கு ஏறியது.

கன்னம் வீங்கியதும் நான் ஒரு பெரிய லேஞ்சித் துணியைச் சூடு காட்டி, தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அப்படிக் கட்டினால் இதமாக இருந்தது. அடுப்படியில் நின்ற மாமி திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

"அதக் கழட்டு புள்ள."

"வலிக்கிது மாமி. கட்டினாத்தான் கொஞ்சம் லேசாயீக்கி."

"மய்யித்துக்குத்தான் நாடிய அப்படிக் கட்டுவாங்க. இந்த ஊட்டுக்குள்ள அந்தக் கட்டு வேணாம். கழட்டு."

அவருடைய குரல் உயரவில்லை. நான் கழற்றினேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, அலுமாரியின் அடித்தட்டில் எல்லாத் துணிகளுக்கும் கீழே வைத்தார்.

இரண்டொரு நாளில் எனக்கும் காய்ச்சல் வந்தது. அதோடு என் பல்லை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் இலவச மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை வீதி வரைக்கும் நிற்கும். தாய்மார் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நிலத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். மருந்து கொடுத்த அப்போதிக்கரி தூங்கிப் பல நாளாகியிருக்கவேண்டும், கண்கள் சிவந்து கிடந்தன. கணவர் என் கன்னத்தைக் காட்டி ஏதோ சொல்லத் தொடங்கினார். அப்போதிக்கரி என் நெற்றியைத் தொட்டார், நாக்கை நீட்டச் சொன்னார், என்னால் பாதிதான் நீட்ட முடிந்தது. "காய்ச்சல்தான்" என்று போத்தலில் கொயினா மருந்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அது சரியான மருந்துதான்.

நானும் மச்சியும் ஒரே அறையில் இரண்டு கட்டிலில் படுத்து, ஒரே போத்தலிலிருந்து கொயினா குடித்தோம். கசப்பு தொண்டையில் இறங்கும்போது எனக்குத் தாடை முழுதும் இழுத்துப் பிடித்தது. காது இரைய ஆரம்பித்தது. மாமி பேசுவது அடுத்த வீட்டில் யாரோ பேசுவது போல் கேட்டது. வாய் நாளுக்கு நாள் மூடிக்கொண்டு வந்தது. முதலில் ஒரு விரல் நுழைந்தது, பிறகு விரல் நகம்தான் நுழைந்தது. ஒரு காலையில் கரண்டியின் விளிம்பைக்கூடப் பற்களுக்கு நடுவே கொடுக்க முடியவில்லை. மாமி கஞ்சித் தண்ணீரைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் ஊற்றினார். அது உள்ளே போனதைவிட வெளியே வழிந்தது அதிகம்.

வீக்கம் கன்னத்திலிருந்து கீழே இறங்கியது. தாடை எலும்பின் ஓரம் தெரியாமல் போய், கழுத்து ஒரே பலகையாக இறுகியது. என் எச்சிலை நானே விழுங்க முடியாமல் தலையணையில் வழியவிட்டேன். படுத்தால் மூச்சு முட்டியது. அதனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தேன். பேசினால் வாயில் சூடான சோற்றுருண்டை வைத்துக்கொண்டு பேசுவது போல் ஒரு குரல் வந்தது. அது என் குரல் இல்லை. அந்தக் குரலைக் கேட்க எனக்கே பயமாக இருந்ததால் பேசுவதை விட்டுவிட்டேன்.

மச்சியின் நல்ல நாள் அது. அவள் எழுந்து என் கட்டிலில் வந்து உட்கார்ந்து என்னை நெடுநேரம் பார்த்தாள். வாசலில் நின்ற கணவரைக் கூப்பிட்டாள்.

"நானா, இது என்ட காய்ச்சல் இல்ல."

"அப்போதிக்கரி சொன்னாரே."

"அவர் என்னத்தக் கண்டார். எனக்கு நடுங்கும், அப்புறம் வேர்க்கும், அடுத்த நாள் நல்லா ஈப்பன். மச்சிக்கு ஒருக்காலும் நடுங்கல்ல. ஒருநாள்கூட விடவுமில்ல. வாயிலிருந்து வாற மணத்தப் பாருங்க. உள்ளுக்குள்ள ஏதோ அழுகுது. கண்டிக்குக் கூட்டிப் போங்க நானா. இண்டைக்கே போங்க."

கணவர் மாமியைப் பார்த்தார். மாமி உடனே ஒப்பவில்லை. ஒரு ஆம்பிளை டாக்டர் என் முகத்தைத் திறந்து வாய்க்குள் கை விடுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பல்லைப் பிடுங்கப் போய் தாடை வெடித்து இறந்துபோன ஒரு உறவுக்காரப் பெண்ணின் கதையையும் சொன்னார். மச்சி என் முக்காட்டை விலக்கி, கழுத்தை மட்டும் காட்டினாள். மாமி குனிந்து பார்த்தார். பிறகு போய்த் தன்னுடைய சால்வையை எடுத்துவந்து, அவரே என்னைப் போர்த்திவிட்டார்.

"போய் வா. நான் துஆ செய்றன்" என்றார். அவருடைய கை என் தலையில் இருந்தபோது அது சுட்டது. என் உடம்புச் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

வாடகைக் கார் ஒன்றில் போனோம். வழியெல்லாம் கடைகள் பாதி மூடிக் கிடந்தன. ஓரிடத்தில் சாவு விழுந்ததற்கு வெள்ளைக் கொடி கட்டிய வீடு, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பேராதனைப் பாலத்தில் ஏறும்போது கீழே பார்த்தேன். ஆற்று மணல் வெயிலில் எலும்பு நிறத்தில் கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் கார் குலுங்கும்போது கணவர் என் தலையின் பின்புறம் கையைக் கொடுத்துத் தாங்கினார். எனக்கு மூச்சு உள்ளே போகும்போது மெல்லிய விசில் போன்ற ஒரு சத்தம் வந்தது. அதை அவரும் கேட்டார் என்பது தெரிந்தது, ஏனென்றால் டிரைவரிடம் அவர் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரி காய்ச்சல்காரர்களால் நிறைந்திருந்தது. விறாந்தையிலும் பாய் போட்டிருந்தார்கள். அங்கே நின்ற ஒருவர், வாவிக்கு மேலே ஒரு தெருவில் யாழ்ப்பாணத்துப் பல் டாக்டர் ஒருவர் இருப்பதாகச் சொல்லி வழி காட்டினார். டாக்டர் நடுத்தர வயதுக்காரர், வழுக்கை. மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துப் பேசுவார். என்னை உயரமான கதிரையில் உட்கார வைத்தார். கணவரைப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார்.

"திறவுங்கோ. இன்னும் கொஞ்சம். இவ்வளவுதானோ?"

நான் தலையாட்டினேன்.

அவர் என் கழுத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது. சிரித்த முகமாக இருந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"கொயினா குடுத்தவையோ?"

"ஓ டாக்டர். மலேரியாண்டு சொன்னாங்க" என்றார் கணவர்.

"இது அது இல்லை. கடைசிப் பல்லு, ஞானப் பல்லு எண்டு சொல்லுறது. நேரா வர இடமில்லாமல் உள்ளுக்குச் சரிஞ்சு கிடக்குது. அதின்ர அடியில சீழ் கட்டி, இப்ப கழுத்துக்கு இறங்கியிட்டுது."

"பல்லப் புடுங்கினாச் சரியாகுமா?"

"இண்டைக்குப் பல்லைத் தொடேலாது. வாயே திறபடேல்ல. முதல்ல சீழை வெளியால எடுக்க வேணும், கழுத்தில வெட்டித்தான். மயக்க மருந்து குடுக்கவும் பயமாக்கிடக்கு. மூச்சுப் போற வழி இப்பவே ஒடுங்கிப்போய்க் கிடக்குது. மயங்கினா அது மூடிப்போடும்."

"அப்ப முழிப்பிலயா?"

"ஓம். தோலை விறைக்கப் பண்ணுற மருந்து அடிப்பன். அது மேல்தோலுக்குத்தான். உள்ளுக்கு நோகும். ஒளிக்கிறதில வேலையில்லை."

கணவர் என் பக்கம் திரும்பி, இதெல்லாம் எனக்குக் கேட்டிருக்காது என்று நினைத்து, மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். எனக்குக் கேட்டிருந்தது. கொயினா இரைச்சலுக்குள்ளும் ஒவ்வொரு சொல்லும் கேட்டிருந்தது. நான் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து, சரி என்று தலையாட்டினேன். தாமதித்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று பயந்தேன். ஓட என்னால் முடியாது என்பதும் தெரிந்திருந்தது.

டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயிலிருந்து தாடைக்கு அடியில் மருந்தைப் பீய்ச்சினார். ஐஸ் வைத்தது போல் குளிர்ந்தது, பிறகு சுட்டது. அடுத்தது அந்தக் கத்தி. வலியைப் பற்றி எழுதத் தெரியவில்லை. வலிக்கு முன்னால் ஒரு அழுத்தம், என் தலையையே பின்னுக்குத் தள்ளுவது போல் வந்தது. கத்த வாய் திறக்கவில்லை. மூடிய பற்களுக்குப் பின்னால் சத்தம் நெஞ்சுக்குள்ளேயே சுற்றியது. பிறகு ஏதோ உடைந்து சூடாகக் கழுத்தில் வழிந்தது. அந்த நாற்றத்தில் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் மட்டும், "வரட்டும், வரட்டும்" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சோடு வந்த அந்த விசில் சத்தம் குறைந்திருந்தது.

வெட்டிய இடத்தில் ஒரு ரப்பர் துண்டைச் செருகி, பஞ்சு வைத்து, தாடைக்கு அடியால் துணியைக் கொடுத்து உச்சந்தலையில் கட்டினார். சுவரிலிருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். மாமி எதை அலுமாரிக்கு அடியில் ஒளித்து வைத்தாரோ, அதே கட்டு. கணவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீக்கம் வடிந்து வாய் திறக்கும்வரை கண்டியிலேயே இருக்கவேண்டும் என்றார் டாக்டர். ராத்தாவின் மாடி வீட்டில் எனக்கொரு அறை கிடைத்தது. ராத்தா பேச்சுக்காரி. என்னால் பதில் சொல்ல முடியாது என்பதால் அவரே கேட்டு அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். மூக்கு வைத்த பீங்கான் கோப்பை ஒன்று வாங்கிவந்து, அதன் மூக்கைக் கன்னத்துக்குள் நுழைத்து, வடிகஞ்சியும் பாலும் ஊற்றுவார். மணிக்கொருதரம் உப்புத் தண்ணீர். காயத்திலிருந்து சீழ் வடிந்துகொண்டே இருந்தது. கட்டை மாற்றும்போதெல்லாம் அது குறைந்திருக்கிறதா என்று பஞ்சைத்தான் முதலில் பார்ப்போம்.

கணவர் கடைச் சாமான் எடுக்க வரும் சாக்கில் வந்து பார்ப்பார். வரும்போதெல்லாம் மச்சியின் சேதி ஒன்று வரும். "மச்சி சலாம் சொன்னா. நீங்க இல்லாம அந்தக் கசப்புத் தண்ணியத் தனியக் குடிக்க ஏலாதாம்." இன்னொரு முறை, "மச்சிக்குக் கொஞ்சம் தேவல. முடிதான் கொட்டுது." நான் கையால் மாமி எப்படி என்று கேட்பேன். உம்மா நல்லா ஈக்கிறா என்பார்.

பிறகு சேதிகள் நின்றுவிட்டன. அவர் வந்தார், உட்கார்ந்தார், என் கட்டைப் பார்த்தார், எழுந்து போனார். சவரம் செய்திருக்கவில்லை. நான் மூக்குத்தி இருக்கும் இடத்தில் விரலை வைத்து மச்சியைக் கேட்டேன். அவளுக்குத்தான் எங்கள் வீட்டில் மூக்குத்தி.

"ஈக்கிறா" என்றார். ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

அன்றிலிருந்து மச்சி பிழைக்கமாட்டாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தோன்றிவிட்டது.

ஒரு விரல் அகலத்துக்கு வாய் திறந்ததும் டாக்டர் பல்லை எடுத்துவிடலாம் என்றார். விட்டுவைத்தால் திரும்பவும் சீழ் கட்டும், திரும்பக் கட்டினால் இப்படிக் கையில் அகப்படாது என்றார். இந்த முறை ஊசி போட்டார். உதடும் பாதி நாக்கும் செத்துப்போயின. சாவி போன்ற ஒரு இரும்புக் கருவியைப் பற்களுக்கு நடுவே வைத்துத் திருகித் திருகி வாயைத் திறந்தார். தாடைப் பூட்டு கழன்று விழப்போவதாக நினைத்தேன். கணவரைக் கதிரைக்குப் பின்னால் நிற்கவைத்து, என் தலையை இரண்டு கையாலும் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார்.

"உளி வைக்கப் போறன். தலை அசைஞ்சா வழுக்கும். என்ன நடந்தாலும் விடாதேங்கோ."

வலிக்கவில்லை. ஆனால் சத்தம் இருந்தது. சுத்தியல் உளியில் விழும் ஒவ்வொரு அடியும் மண்டைக்குள் கதவைத் தட்டுவது போல் கேட்டது. எலும்பு செதுக்கப்படும் சத்தத்தை உள்ளேயிருந்து கேட்டவர்களுக்குத்தான் அது தெரியும். இடையில் வெளிக்கதவு திறந்தது. வெளிச்சம் ஒரு கோடாக என் மடியில் விழுந்தது. எங்கள் கடையில் வேலை செய்த மனிதரின் குரல் தணிந்து ஏதோ சொன்னது. என்ன என்று எனக்குப் புரியவில்லை. கணவரின் கைகள் என் கன்னங்களில் ஒரு கணம் தளர்ந்தன.

"போக வேணுமெண்டால் போங்கோ. நேர்சைப் பிடிக்கச் சொல்லுறன், கொஞ்சம் சின்னப் பிள்ளை அவ" என்றார் டாக்டர்.

"இல்ல. நீங்க செய்ங்க."

கைகள் திரும்பவும் இறுகின. ஆனால் அவை குளிர்ந்து போயிருந்தன. அவருடைய நெஞ்சு என் பின்னந்தலையில் அடித்துக்கொண்டிருந்தது. பல் மூன்று துண்டாக வந்தது. கடைசித் துண்டு தட்டில் விழுந்ததும் அவர் என் தலையை மெதுவாகக் கதிரையில் சாய்த்துவிட்டு, என்னைப் பார்க்காமலே வெளியே போனார். படிகளில் அவர் ஓடும் சத்தம் கேட்டது.

ராத்தாவின் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனது நேர்ஸ் பெண். வீட்டில் ராத்தா இல்லை. கீழ்வீட்டுப் பெண் வந்து கூட இருந்தார். ஏதோ அவசர வேலையாம், கெலிஓயாவுக்குப் போயிருக்கிறாராம். டாக்டர் கொடுத்த மாத்திரையில் நான் தூங்கித் தூங்கி விழித்தேன். விழிக்கும்போதெல்லாம் வாயில் இரத்தத்தின் உப்பு. ராத்தா வந்தபோது வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். கண் வீங்கியிருந்தது. ரோட்டுத் தூசி என்றார். பேச்சுக்காரியான ராத்தா அதற்குப் பிறகு என் அறையில் பேசவேயில்லை. கோப்பையை என் வாயில் வைப்பார், ஊற்றுவார், எழுந்து போவார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் யாசீன் ஓதும் சத்தம் கேட்கும். நான் எழுந்து போனால் நிறுத்திவிடுவார்.

என்னை அழவிடக்கூடாது, அழுதால் காயம் திறந்து இரத்தம் நிற்காது என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவர்கள் மறைத்தார்கள். மறைக்கிறார்கள் என்பதை நான் தெரிந்துகொண்டேன், தெரிந்ததை நானும் மறைத்தேன். கேட்டுவிட்டால் அது உண்மையாகிவிடும். மச்சிக்காக நான் கண்ணை மூடிக்கொண்டு, முகம் அசையாமல், தண்ணீரை மட்டும் வழியவிட்டேன். வாய் கோணாமல் அழ அந்த அறையில்தான் பழகினேன்.

காயம் காய்ந்ததும் கணவர் வந்து கெலிஓயாவுக்குக் கூட்டிப்போனார். வீட்டு வாசலில் இறங்கியபோது படியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலைமுடி பாதி கொட்டி, கன்ன எலும்பு துருத்தி, தோல் மஞ்சளாய். மூக்குத்தி மட்டும் பளிச்சென்றிருந்தது.

"மச்சி" என்றேன். பல நாட்களுக்குப் பிறகு நான் பேசிய முதல் சொல் அது. எச்சிலோடு குழறி வந்தது.

அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் எலும்பாக இருந்தோம். அவள் உயிரோடிருந்த சந்தோஷத்தில் அவள் ஏன் அப்படி அழுகிறாள் என்று நான் யோசிக்கவில்லை. அவளை அணைத்தபடியே அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அடுப்பு எரியவில்லை.

"மாமி எங்க?"

மச்சி என்னை விட்டு விலகி நின்றாள். "உங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லயா?"

நீங்கள் போன அன்றைக்கே உம்மாவுக்குக் காய்ச்சல் இருந்தது, நம் இருவரையும் கவனிக்க ஆள் வேண்டுமென்று சொல்லாமல் வைத்திருந்தார் என்றாள். என் தலையில் அந்தக் கை சுட்டது அதனால்தான். மச்சியின் காய்ச்சல் போல் அவருடையது நாள் பார்த்து வரவில்லை. நேரே மூளைக்கு ஏறியதாம். ஒரு காலையில் எழுப்பினால் கண் திறந்தார், ஆனால் யாரையும் தெரியவில்லை. மகனைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடை மனிதரைக் கண்டிக்கு அனுப்பினார்கள்.

"நானா வந்து சேரக்குள்ள உம்மாட ரூஹு பிரிஞ்சிட்டு. கொஞ்ச நேரந்தான் மச்சி. அடுப்புல வச்ச தண்ணி ஆறாத நேரந்தான்."

நான் படியிலேயே உட்கார்ந்தேன். எங்களுக்குப் பின்னால் கணவர் காரிலிருந்து என் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்.

வாய் முழுதாகத் திறக்க நீண்ட காலம் பிடித்தது. மரக்குச்சிகளைப் பற்களுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகித் திறந்து பழகச் சொல்லியிருந்தார் டாக்டர். மச்சி எனக்கு எதிரே உட்கார்ந்து குச்சி செருகுவாள், தலைமுடி திரும்ப வளர நான் அவளுக்கு எண்ணெய் தேய்ப்பேன். பல் எடுத்த குழியிலிருந்து ஒருநாள் நகத்துண்டு போல் ஏதோ நாக்கில் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் எலும்பு. டாக்டரிடம் ஓடினோம். செத்த எலும்பு தானாக வெளியே வருவது நல்லதுதான் என்றார். என்றாலும், என் முகத்தின் ஒரு சிறு பகுதி எனக்கு முன்னாலேயே செத்துப்போய் என் உள்ளங்கையில் கிடந்ததைப் பார்த்து நான் நடுங்கினேன்.

மாமிக்காக நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய அன்று நெய்ச்சோறு ஆக்கினார்கள். நோய்ப்பட்ட பிறகு நான் மென்று தின்ற முதல் சோறு அது. வலப்பக்கமாக வைத்து, ஒவ்வொரு பருக்கையாக மென்றேன். பசி அடங்காமல் இன்னும் கேட்டு வாங்கித் தின்றேன். கண்ணீர் வந்தது, கையை நிறுத்த முடியவில்லை.

எல்லோரும் போனபிறகு கணவரிடம் கேட்டேன். அதுவரை கேட்டிருக்கவில்லை.

"அண்டைக்குக் கதவடில வந்தவர் என்னத்தச் சொன்னார்?"

அவர் எல்லோரும் சாப்பிட்ட பெரிய தட்டை, சகனை, துடைத்துக்கொண்டிருந்தார். "உம்மாக்கு ஏலாமயீக்கி, ஒடனே வரட்டாம்ண்டார்."

"அப்பவே போயிருக்கலாமே."

"உளி உள்ளுக்கு இருந்திச்சே" என்றார். சகனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ரெண்டு கையும் வேணுமாயிருந்திச்சு" என்றார்.

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. சாகும்வரை பேசவில்லை. அதை எனக்கு ஒரு கடனாகவும் அவர் ஒருபோதும் ஆக்கவில்லை. ஆனால் வீட்டில் யாருக்காவது பல் வலி என்றால் எழுந்து வெளியே போய்விடுவார்.

மழை திரும்பியது. ஆறு பாறைகளை மூடிக்கொண்டு ஓடியது. ஊரில் பல வீடுகள் பூட்டியே கிடந்தன, அவற்றுக்கு வெள்ளையடிக்க ஆளில்லை. என் தாடைக்கு அடியில் தழும்பு இருக்கிறது, முக்காடு அதை மறைத்துவிடும். உதட்டின் இடப்பக்கத்துக்கு மட்டும் உணர்ச்சி திரும்பி வரவேயில்லை. சோறோ குழம்போ அங்கே ஒட்டினால் எனக்குத் தெரியாது. கலியாண வீடுகளில், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது, மச்சி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் என்னைக் கவனித்துக்கொண்டிருப்பாள். யாருக்கும் தெரியாமல் தன் உதட்டின் ஓரத்தைத் தொட்டுக் காட்டுவாள். நான் துடைத்துக்கொள்வேன்.